நான்கு மணி நேரமும் அதன் பிறகும்

(ஆதரவாளர் கூடுகையில் டயாலிசிஸ் பிரிவின் மூத்த செவிலியர் ஆற்றிய உரை)



டயாலிசிஸ் பிரிவைக் குறித்து உங்களுக்கு எழுதும்போதெல்லாம் நாங்கள் இயந்திரங்களைப் பற்றியே எழுதுகிறோம். இன்று அந்த இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சிறுநீரகங்கள் நிரந்தரமாகச் செயலிழந்தால் மரணமே முடிவு என்றிருந்த காலம் உண்டு. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலேயே விட்டுவைக்கக்கூடிய ஒரு குழாயைப் பொருத்தினார். அதனால் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்தது. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் உயிரோடிருந்தார். இப்படி உயிர் காக்க வழி பிறந்தது. ஆனால் அந்த உயிரோடு எப்படி வாழ்வது என்ற கேள்வியும் அன்றே பிறந்தது.

வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பதே வழக்கமான சிகிச்சை. செலவு தாங்காமல் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் நாட்டில் அநேகர். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் இளநீரும் வாழைப்பழமும் கூடாது. வேலை போய்விடுகிறது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவர், பஸ் கட்டணத்துக்கு மனைவியின் கையை எதிர்பார்க்கிறார்.

எங்களிடம் வந்த ஒரு லாரி டிரைவரை நான் மறக்க முடியாது. வந்த புதிதில் பிரிவு முழுவதையும் சிரிக்க வைப்பார். சில மாதங்களில் பேச்சு நின்றது. ஒவ்வொரு முறையும் உடலில் அதிக நீரோடு வந்தார். பிறகு வராமலே இருக்க ஆரம்பித்தார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். "சொன்னால் கேட்கமாட்டீர்களா, அண்ணா? இவ்வளவு தண்ணீர் குடித்தால் உயிருக்கே ஆபத்து" என்றேன். அவர் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு நாள் அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்தார். "சிஸ்டர், இவர் ராத்திரி தூங்குறதில்ல. பிள்ளைங்ககிட்ட பேசுறதில்ல. நான் போயிட்டா உனக்கு இந்தச் செலவாவது மிஞ்சும்னு சொல்றார்" என்று அழுதார். நான் கீழ்ப்படியாமை என்று நினைத்தது வியாதியாயிருந்தது. அதை நான் கவனிக்கத் தவறினேன்.

இது ஒருவருடைய கதை மட்டுமல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்கின்படி, டயாலிசிஸ் பெறுவோரில் கேள்வித்தாள் மூலம் பார்த்தபோது 100-க்கு 39 பேருக்கும், நேரில் விசாரித்து உறுதி செய்தபோது 23 பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை சிறுநீரக நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். ஆகவே இது எளிதில் மறைந்துகொள்கிறது. எதிலும் விருப்பமின்மை, தன்னைப் பாரமென்று எண்ணுதல், சாக வேண்டுமென்ற பேச்சு, இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது.

இதற்குச் சிகிச்சை உண்டு. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிலருக்கு டயாலிசிஸ் நாற்காலியருகே அமர்ந்தே மன ஆலோசனை அளித்தார்கள். சிலருக்கு செர்ட்ராலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். 12 வாரங்களில் இரு சாராரிடமும் சோர்வு குறைந்தது. மாத்திரையால் பலன் சற்று அதிகம், பக்கவிளைவும் அதிகம்.

அந்த டிரைவருக்கும் ஆலோசனையும் மருந்தும் ஆரம்பித்தோம். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் தவறாமல் வர ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், "சிஸ்டர், நேத்து மேட்ச்ல யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் பிரிவுக்கே பண்டிகை.

நோயாளியைப் பார்க்கப் போகிற நம்மில் சிலர், "விசுவாசம் குறைந்ததால்தான் இந்தச் சோர்வு" என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதிருங்கள். சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது கண்டனம் அல்ல. தூக்கமும் ஆகாரமும் தண்ணீரும்தான்.

அரசின் காப்பீட்டுத் திட்டங்களால் டயாலிசிஸ் கட்டணம் இன்று பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் சாப்பாடு, இழந்த கூலி, ஆலோசகரின் சம்பளம் ஆகியவற்றுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இவற்றுக்கென்று ஒதுக்குங்கள். உங்கள் சபையில் டயாலிசிஸ் பெறுபவர் இருந்தால், சிகிச்சை நாளில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். புத்தி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். சாவைப் பற்றிப் பேசினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும். பக்கத்தில் உட்கார ஒரு மனுஷர் வேண்டும். உங்களில் ஒருவர் வருவீர்களா?