தோப்பு போனவரின் பேச்சு



கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் வராத நஷ்டத்துக்கு உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை, அதாவது மருந்தில்லாமல் பேச்சாலேயே நடக்கும் வைத்தியம், எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம்.

பேராவூரணிப் பக்கத்து விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது. தோப்பு அவருடைய அப்பா வைத்தது. கன்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் காத்திருந்து எழுப்பிய தோப்பு. புயலுக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார்.

இந்தச் சிகிச்சையில் அவருக்குக் கிடைப்பது வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே ஆள், ஐம்பது நிமிஷம். எதிரில் இருப்பவர் புத்திமதி சொல்வதில்லை. நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்! துக்கம் விசாரிக்கப் போகிற நாம் நாலு வார்த்தை புத்தி சொல்லாமல் எழுந்து வருவதே இல்லை.

முதல் சில வாரம் அவர் மரக் கணக்கைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்றே பேசுவார். பேசட்டும். பிறகு ஒருநாள், போகிற போக்கில், "எங்கப்பா இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு" என்பார். காற்றை எந்த அப்பாவாலும் நிறுத்த முடியாது. அது அவருக்கே தெரியும். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்பி உட்கார வைப்பது அந்த நினைப்புதான். இன்னும் சில வாரம் போனால் சிகிச்சையாளர் மேலேயே கோபம் வரும். "நான் எதுக்கும் லாயக்கில்லைன்னுதானே பார்க்கறீங்க?" என்பார். எதிரில் இருப்பவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவின் பார்வையை அவர் இந்த முகத்தில் காண்கிறார். இந்த வைத்தியத்தின் உயிர்நாடி இந்த இடம்தான். பழைய உறவு அந்த அறைக்குள்ளேயே மறுபடி நடக்கிறது; இந்தத் தடவை அதைக் கண்ணால் பார்த்துப் பேச முடிகிறது. இந்த வைத்திய முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டார். இழந்தது இன்னதென்று தெரிந்தவருக்கும், அதோடு சேர்ந்து உள்ளே என்ன போயிற்று என்பது தெரியாமல் இருக்கலாம். அப்போது பழியெல்லாம் தன் மேலேயே திரும்புகிறது என்பது அவர் கண்டது. நம் விவசாயியின் கதையும் அதுதான்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஃப்ராய்டோடு நெடுங்காலம் கடிதம் எழுதி, தன் நோயாளிகளிடம் கண்டதை வைத்து அவரோடு முரண்படவும் செய்தார்.

நம் பக்கத்திலும் மனசுக்கு ஆறுதல் தரும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. செத்தவரைச் சொல்லி அழும்போதே புருஷன் வீட்டில் பட்ட பாட்டையும் அதில் கொட்டிவிடலாம், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஆண்களுக்கு அந்த வழி இல்லை. காவிரிக் கரையில் முசிறிக்குப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பேதலித்தவர்களை ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது வழக்கம். நாள் தவறாத பூஜை வேளை, முகத்தில் தீர்த்தம், கூடவே இருக்கும் குடும்பம். இந்த ஒழுங்கின் அருமை எந்தச் சிகிச்சையாளருக்கும் புரியும். அதே சமயம், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் தப்ப வழியில்லாமல் செத்ததையும் மறக்க முடியாது. 28 உயிர்.

பேச்சு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கும்பகோணத்துக்காரரான எம்.வி. வெங்கட்ராம் தன் காதுக்குள் கேட்ட குரல்களின் அனுபவத்தை வைத்துத்தான் 'காதுகள்' நாவலை எழுதினார். 1993இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்படிக் குரல் கேட்கிறவர்களுக்கு இன்றைக்கு மருந்து இருக்கிறது. அதை முதலில் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல்களோடு குடும்பம் நடத்துவது எப்படி இருந்தது என்று சொல்லி ஆற ஒருவருக்கு இடம் வேண்டாமா? அதை மாத்திரை தராது.

ஊருக்கே விழுந்த அடி வேறு மாதிரி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே வருஷம் டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையைச் சுனாமி துடைத்துப் போட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துக் கடலோர முகாம்களில் ஜனங்களோடு உட்கார வைத்தது நல்ல வேலை. என் மனக்குறை, முகாம் கலைந்ததும் கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் கலைந்துபோவது. துக்கம் பலருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வாய் திறக்கும்.

இன்னொன்று. தோப்பு சாய்ந்தபோது அதில் மட்டை பின்னியும் தேங்காய் பொறுக்கியும் பிழைத்த பெண்ணுக்கும் பிழைப்பு போயிற்று. மரத்தை எண்ணிக் கொடுத்த பணத்தில் அவளுக்கு ஒரு காசு இல்லை. ஊரைக் கூட்டி உட்கார்ந்து பேசலாம் என்றால், எந்தத் தெருவில் உட்காருவது? தோப்புக்காரர் முன்னால் அவள் வாய் திறப்பாளா? அந்தப் பயம் பழையது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். நியாயம் கிடைக்காத இடத்தில் போய் மனசை ஆற்றிக்கொள் என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அங்கே நடந்தது அநியாயம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கேட்க உட்காரலாம்.

இன்றைக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி தமிழிலேயே கிடைக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நெருக்கடியில் இருப்பவர்கள் தயங்காமல் அங்கே போக வேண்டும். ஆனால் கூட்டம் நெரிகிற புறநோயாளிப் பிரிவில் ஐம்பது நிமிஷத்துக்கு எங்கே போவது? போன தடவை பார்த்தவரையே அடுத்த தடவையும் பார்ப்போம் என்ற உறுதிதான் உண்டா? பட்டுக்கோட்டையிலும் வேதாரண்யத்திலும் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, பயிற்சி பெற்ற ஒருவர், குறைந்தது இரண்டு வருஷத்துக்கு மாற்றல் இல்லாத பணி. அரசாங்கத்திடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த விவசாயியும், மட்டை பின்னிய பெண்ணும் வெவ்வேறு கிழமையில் அங்கே வரட்டும்.