மழைக்கு முன் யார் யாரிடம் பேசுவது?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பராமரிப்புக் கட்டணப் பேச்சிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சரி, சென்னையில் உதவ வந்தவர்களுக்குக் குறைவில்லை. மாநகராட்சி, தீயணைப்புத் துறை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, படகோடு வந்த மீனவர்கள், தன்னார்வ அமைப்புகள் என்று எத்தனையோ பேர் இறங்கினார்கள். ஆனால் பல வண்டிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. முன்வாசலில் வேன் வேனாகப் புளிசாதம். உள் தெருவில் குழந்தைக்குப் பால் பவுடர் கிடையாது. பழைய துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது; தேவைப்பட்டதோ குடிநீர், நாப்கின், இன்சுலின். கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே இன்னது வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் குடியிருப்பில் அந்த ஆள் யார்? வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்தால், ஒரே வீட்டுக்கு நாலு படகு கேட்டதாகப் போகும். காலையில் மீட்ட பாட்டியைத் தேடி மாலையில் மறுபடி வருவார்கள். அந்த நேரத்தில் இன்னொரு தெருவில் ஒருவர் காத்திருப்பார்.

எனவே பிளாக்குக்கு ஒருவர், எல்லோருக்கும் சேர்த்து வெளியே பேச ஒருவர், அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஒருவர். மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. அழைப்பவர் நான்கே விஷயம் சொல்ல வேண்டும்: எந்த இடம், எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யார், தண்ணீர் முழங்காலளவா, இடுப்பளவா.

அதற்குப் பட்டியல் வேண்டும். படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர். தயவுசெய்து காகிதத்தில். 2015-ல் மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. இது அந்தரங்க விஷயம் என்று சிலர் தயங்குவது புரிகிறது. பட்டியல் பிளாக் பொறுப்பாளரைத் தாண்டிப் போகாது, நோட்டீஸ் போர்டில் ஒட்ட மாட்டோம்.

அடுத்து நம் கட்டடம். ஜெனரேட்டரும் மெயின் பேனலும் பேஸ்மென்ட்டில் இருக்கின்றன. டீசலை நிரப்பி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறினால் இரண்டையுமே நிறுத்தத்தான் வேண்டும். பிறகு மோட்டார் ஓடாது, மேல் தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். லிஃப்டை மேல் மாடியில் நிறுத்திவிட்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் பாலத்தையே நம்பினால் ஆம்புலன்ஸுக்கு வழி இருக்காது. பக்கத்தில் மேட்டுப்பாங்கான இடம் எது, அதன் உரிமையாளர் சம்மதிப்பாரா என்று இப்போதே கேட்டு வைப்போம்.

தரைத்தளத்தில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. முதல் மாடி ஹாலைச் சாவியோடு அவர்களுக்கும் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும். "ஹால் புக்கிங் விதிகள்" என்று அன்றைக்கு யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

நம் வார்டு உதவிப் பொறியாளரை மழைக்கு முன்பே இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவோம். பக்கத்து இரண்டு அடுக்ககங்களின் செயலாளர்களும் சேர்ந்து வந்தால், தெருவுக்கே ஒரே கோரிக்கையாகப் போகும். மருந்துக்கடைக்காரரிடமும் தண்ணீர் கேன் போடுபவரிடமும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். நெட்வொர்க் இல்லாவிட்டால் ஜிபே வேலை செய்யாது. ஆகவே பொருளாளர் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்க வேண்டும். செயற்குழு கூடாமலேயே அதைச் செலவு செய்ய அவருக்கு அனுமதியும் வேண்டும். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ரசீதோடு.

இந்த அனுமதியைத்தான் இன்றைக்குத் தீர்மானமாக முன்வைக்கிறேன். படிவங்கள் கடைசி வரிசையில் இருக்கின்றன. முதலில் ஏ பிளாக்கிலிருந்து யார் பெயர் கொடுக்கிறீர்கள்?