ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், கட்டட வரைபட அலுவலகம் நடத்தும் சகோதரர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பகுதியிலிருந்து பி.ஆர்க். படிப்பில் சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். இன்டீரியர் டிசைன் படிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மகிழ்ச்சி. அட்மிஷன் முடிந்த மறுவாரமே எங்கள் அலுவலகத்துக்கு வாப்பாமார்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “என்ன லேப்டாப் வாங்கணும், எவ்வளவு ஆகும்?” அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, “எந்த சாஃப்ட்வேர், எந்த ஆண்டில்?” அதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத்தான் வாங்கி வருவோம்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். மகள் ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததும் உம்மா தன் காப்பை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். கடையில் “ஐ7 பிராசசர், 1 டி.பி., காகிதம் மாதிரி மெல்லிசு” என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். பார்க்க அழகான லேப்டாப்தான். ஆட்டோகேட் ஓடியது. ஸ்கெட்ச்அப்பும் சின்ன வீடுகளுக்கு ஓடியது. லூமியனைத் திறந்தபோதுதான் அதில் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லை என்று தெரிந்தது. லேப்டாப்பில் பின்னால் வாங்கிப் பொருத்தவும் முடியாது. அந்தப் பிள்ளை கடைசி வாரத்தில் தோழிகளின் அறைக்கதவைத் தட்டி, இரவல் கம்ப்யூட்டரில் வேலையை முடித்தாள். காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இப்படி ஏமாறாமல் இருக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

கட்டடக்கலை மாணவர்கள் கம்ப்யூட்டரில் செய்யும் வேலை இரண்டு வகை. ஒன்று வரைவது: ஆட்டோகேட்டில் பிளான் போடுவது, ரெவிட்டிலோ ஸ்கெட்ச்அப்பிலோ கட்டடத்தை எழுப்புவது. இன்னொன்று ரேண்டரிங். எழுப்பிய கட்டடத்தில் வெயில் எப்படி விழும், சுவரில் பட்டு எப்படித் தெறிக்கும், கண்ணாடியில் எப்படி மின்னும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டுப் புகைப்படம் போல் ஆக்கித் தருவது அது. இந்த இரண்டு வேலைக்கும் கம்ப்யூட்டரின் வெவ்வேறு உறுப்புகள் உழைக்கின்றன. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

நம் வீட்டுக் கல்யாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் உரிக்க 20 பேர் உட்கார்ந்தால் வேலை 20 பங்காகப் பிரிந்து சீக்கிரம் முடிந்துவிடும். தேக்சாவில் தம் போட்ட பிறகு பக்கத்தில் 20 பேர் நின்றாலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வரைவது தம் போடுவது மாதிரி. ஒரு சுவரை நகர்த்தினால் அதிலுள்ள கதவு நகர வேண்டும், பிறகு அளவு மாற வேண்டும், ஒன்றுக்குப் பின் ஒன்று. ஆட்டோகேட்டின் பெரும்பகுதி வேலையும் ரெவிட்டின் பல வேலைகளும் பிராசசரின் ஒரே ஒரு கோரில்தான் ஓடும். அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் பேசும். ரேண்டரிங் வெங்காயம் உரிப்பது மாதிரி. எத்தனை கைகள் இருந்தாலும் வேலை கொடுக்கலாம்.

அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன என்பது சாஃப்ட்வேரைப் பொறுத்தது. கொரோனா பிராசசரின் எல்லாக் கோர்களையும் பிழிந்து வேலை வாங்கும். கிராபிக்ஸ் கார்டைத் தொடாது. லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் ஆகியவை கிராபிக்ஸ் கார்டை நம்பியே எழுதப்பட்டவை. வி-ரேயும் பிளெண்டரின் சைக்கிள்ஸும் இரண்டு வழியிலும் ஓடும். ஆகவே “ரேண்டரிங்குக்கு எது நல்லது?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கல்லூரியில் மேல் வகுப்பு மாணவர்கள் எதை ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். சீனியர்கள் இரண்டு பேரிடம் பேசும் அரை மணி நேரம், கடையில் நிற்கும் அரை நாளைவிடப் பயன் தரும்.

வேகம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டுக்குள் நடந்து போவதுபோல் ஒரு நிமிட வீடியோ எடுக்க, நொடிக்கு 30 படம் என்றால் 1,800 படங்கள் தேவை. ஒரு படத்துக்கு 2 நிமிடம் ஆனால் மொத்தம் 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். அதுவே 20 நொடியில் முடிந்தால் 10 மணி நேரம். இரவு போட்டுவிட்டு ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தால் முடிந்திருக்கும். ரேண்டர் ஆன பிறகு படுக்கையின் நிறம் தவறு என்று தெரிந்தால் மறுபடியும் போட வேண்டுமே! ஜூரிக்கு முந்தைய நாள் இந்த வித்தியாசம் மதிப்பெண்ணாகத்தான் முடியும்.

இப்போது கடையில் காதில் விழும் சொற்களுக்கு வருவோம்.

“ஐ7” என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். பல மாடல்களில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். ‘யு’ என்றால் பேட்டரி மிச்சம் பிடிக்கும் மெல்லிய வகை. ‘எச்’ அல்லது ‘எச்.எக்ஸ்’ என்றால் கனமான வேலைக்கானது. நம் வேலைக்கு ‘யு’ வகை ஐ7-ஐ விட ‘எச்’ வகை ஐ5 பல நேரங்களில் மேல். விலையும் குறையலாம்.

கிராபிக்ஸ் கார்டில் பெயரைவிட முக்கியமானது அதன் சொந்த நினைவகம். மரம், புல், சோபா, துணி என்று காட்சியில் உள்ள எல்லாமே அதற்குள் ஏறி உட்கார வேண்டும். இடம் பற்றாவிட்டால் ஊர்ந்து போகும், அல்லது பாதியில் மூடிக்கொள்ளும். 4 ஜி.பி. இன்று ஒரு வீட்டுக்கே இறுக்கம். 6 ஜி.பி. சமாளிக்கலாம், 8 ஜி.பி. இருந்தால் ஐந்தாண்டுப் படிப்பை நிம்மதியாக ஓட்டலாம். சில கடைகளில் “16 ஜி.பி. கிராபிக்ஸ், ஷேர்டு” என்று காட்டுவார்கள். அது கம்ப்யூட்டரின் பொது ரேமில் இருந்து விண்டோஸ் கடன் கொடுக்கும் இடம், கார்டின் சொந்த நினைவகம் அன்று. அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். என்விடியாவா, ஏ.எம்.டி.யா என்ற விவாதத்தில் நாங்கள் என்விடியா பக்கம். பல ரேண்டரிங் சாஃப்ட்வேர்கள் நீண்ட காலமாக அதன் குடா முறையைச் சார்ந்தே எழுதப்பட்டு வந்திருக்கின்றன என்பது தவிர வேறு பாசம் இல்லை.

லேப்டாப்பில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயருள்ள கார்டு எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. ஆர்.டி.எக்ஸ் 4060 லேப்டாப் கார்டை எடுத்துக்கொண்டால், தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். மெல்லிய உடம்பில் சூடு வெளியேற இடம் இல்லாததால் குறைவாகத்தான் கொடுப்பார்கள். கடைப் பலகையில் இது எழுதப்பட்டிருக்காது. கம்பெனியின் விவரத்தாளில் பாருங்கள். ரேண்டரிங்கின்போது சார்ஜர் போட்டே ஆக வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் கார்டின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ரேம் விஷயத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. ரெவிட்டின் அண்மைப் பதிப்புகளுக்கு 16 ஜி.பி. குறைந்தபட்சம், 32 இருந்தால் நல்லது. இன்றே 32 வாங்கப் பணம் இல்லையென்றால் 16 போதும். ஆனால் பின்னால் கூட்ட முடியுமா, அல்லது போர்டோடு ஒட்டப்பட்டதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. போதும். மீதிப் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆப்பிள் மேக் வாங்கலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஸ்கெட்ச்அப்பும் ஆட்டோகேட்டும் அதில் உண்டு. ரெவிட்டுக்கும் த்ரீடிஎஸ் மேக்ஸுக்கும் மேக் பதிப்பு கிடையாது. அதோடு முடிந்தது.

எப்போது வாங்குவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு டிராஃப்டிங் போர்டும் டி-ஸ்கொயரும் பென்சிலுமாகவே போகும். அந்த ஆண்டில் வாங்கிய விலை உயர்ந்த லேப்டாப், உண்மையான ரேண்டரிங் வேலை தொடங்கும் மூன்றாம் ஆண்டில் இரண்டு வயது முதிர்ந்திருக்கும். வாரண்டியும் முடிந்திருக்கலாம். கல்லூரி வற்புறுத்தாவிட்டால் முதலாண்டை வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலும் கல்லூரி லேபிலும் கடத்துங்கள். அந்தப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை என்றால் டெஸ்க்டாப்பை நினைத்துப் பாருங்கள். அதே தொகைக்கு வேகம் அதிகம், சூடு குறைவு, ஒரு உறுப்பு போனால் அதை மட்டும் மாற்றலாம், ரேமையும் கார்டையும் பிறகு கூட்டலாம். டெஸ்க்டாப் வாங்கினால் இரண்டு பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம்: எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். மலிவான எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். நம் தெருவில் மின்சாரம் எப்படி வந்து போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 மணி நேர ரேண்டரில் 39-ஆம் மணியில் கரண்ட் போனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு லேப்டாப்தான் சரி.

வளைகுடாவில் இருக்கும் மாமாவோ மச்சானோ கொண்டு வருவதாக இருந்தால், 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். வாங்குமுன் அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள். சிலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும். கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும், அது தொந்தரவு இல்லை. ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, நம் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, “பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம்” என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பில் இல்லையென்றால் பழுதாகும் நாளில் நீங்கள் யாரோ, அவர் யாரோ.

தவணை பற்றியும் ஒரு வார்த்தை. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்கள் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பெயரைப் பார்த்து நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பொதுவாக அதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது; அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி கொடுக்கிறது, அவ்வளவுதான். கார்டு ஸ்டேட்மென்டில் வட்டி தனி வரியாக வரும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் வரும். கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். கணக்கு இப்படித்தான் என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம்.

சாஃப்ட்வேருக்குச் செலவு என்ன? கடைக்காரர் ‘கிராக்’ போட்டுத் தருகிறேன் என்பார். தேவையே இல்லை. ஆட்டோகேட், ரெவிட், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றையும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. கல்லூரிச் சான்றைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். அதைப் படிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். காசு வாங்கி வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கக் கூடாது. பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம், சம்பாதிக்கவும் பயன்படுத்தலாம். ட்வின்மோஷனும் மாணவர்களுக்கு இலவசம். கிராக் போட்ட சாஃப்ட்வேரோடு வைரஸும் இலவசமாக வரும் என்பதைச் சொல்லி வைக்கிறோம்.

ஏற்கெனவே தவறான லேப்டாப் வாங்கிவிட்டவர்கள் அதை விற்று நஷ்டப்பட வேண்டாம். வரைவதற்கு அதையே வைத்துக்கொண்டு, ரேண்டரிங்கைக் கல்லூரி லேபில் போடலாம். அல்லது நம் தெருவில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மூன்று நான்கு பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு நல்ல டெஸ்க்டாப்பை ஒரு வீட்டில் வைத்து முறை போட்டு ஓட்டலாம். மூன்று சுமாரான கார்டைவிட ஒரு நல்ல கார்டு மூன்று பேருக்குப் பயன்படும். பெண் பிள்ளைகளுக்கு எந்த வீடு வசதி என்று உம்மாமார்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

கொட்டேஷன் காகிதம் கொண்டு வந்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த வரியைக் கடையில் மாற்றச் சொல்ல வேண்டும் என்று பேனாவால் குறித்துத் தருகிறோம். வஸ்ஸலாம்.