ஐந்து வேலைக்கு ஓர் அஸ்திவாரம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறும் முன் சீனியர் அண்ணன் ஒருவர், "தம்பி, கம்ப்யூட்டர்காரன் பாஷையில பேசிடாதே, இங்க பாதிப் பேர் சிவிலும் மெக்கானிக்கலும்" என்று எச்சரித்தார். அண்ணன் சொல்லைத் தட்டாமல் பேசப் பார்க்கிறேன்.

வில்லாபுரத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறோம். அப்பளம் தயாரிக்கும் ஒருவர் எங்களிடம் வந்தார். அவருக்கு வேண்டியது ஒரு புரோகிராம் அல்ல, ஐந்து. உளுந்து மாவுக் கொள்முதலும் இருப்பும், வீட்டிலிருந்தே அப்பளம் தேய்த்துக் கொடுக்கும் பெண்களின் கூலி, கடைக்காரர்களின் ஆர்டர், வண்டி அனுப்பும் விவரம், ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்த வரவு செலவு.

மற்ற நான்கும் ஒருநாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். கூலி மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் கையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். யார் எத்தனை கிலோ மாவு வாங்கினார், எத்தனை கிலோ அப்பளம் கொடுத்தார், முன்பணம் எவ்வளவு என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அவர் வைத்திருந்த பழைய புரோகிராம் ஒரு சனிக்கிழமை நின்றுபோயிற்று. எழுதிக் கொடுத்தவர்கள் ஊரிலேயே இல்லை. இரவு பத்து மணி வரை பெண்கள் வாசலில் காத்திருந்தார்களாம். "அழகா இருக்கணும்னு கேக்கல தம்பி. பத்து வருஷம் கழிச்சு இதைத் தொறந்து பாக்க மதுரையில ஆள் இருக்குமா? அதைச் சொல்லுங்க" என்றார். எங்களுக்கு அதுதான் கேள்வித்தாள்.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன? வில்லாபுரம் ஹவுசிங் போர்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. ஆனால் மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு எல்லாம் பொது. யார் உள்ளே வரலாம், தகவலை எங்கே வைப்பது, திரையில் எப்படிக் காட்டுவது போன்ற பொது வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருப்பதுதான் ஃப்ரேம்வொர்க். ஐந்து புரோகிராமுக்கும் ஐந்து தொட்டி கட்டினால் என்ன ஆகும்? ஒரே பெண்ணின் பெயர் ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். கணக்கு இடிப்பது அங்கேதான்.

எங்கள் பையன்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்: லாராவெல், ஸ்பிரிங், எக்ஸ்பிரஸ், ஜாங்கோ, ஃப்ராப்பே. எது வேகம், எது புதுசு என்று சண்டை. நான் கேட்டது வேறு: இது எந்த வேலைக்காகப் பிறந்தது?

ரூபி ஆன் ரெயில்ஸ் என்பதைப் பேஸ்கேம்ப் என்ற அலுவலக சாஃப்ட்வேர் எழுதும்போது அதிலிருந்து பிரித்தெடுத்து 2004-ல் வெளியிட்டார்கள். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளிவந்தது. செய்தி வந்த வேகத்தில் பக்கம் போட வேண்டிய அவசரம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஃப்ராப்பே நம் மும்பையில் பிறந்தது. ருஷப் மேத்தா என்பவர் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் தேடி, திருப்திப்படாமல், தாமே எழுத ஆரம்பித்தார். அதுவே ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஆயிற்று; அதன் அடியில் இருக்கும் அஸ்திவாரம்தான் ஃப்ராப்பே. சரக்கு, பில், பேரேடு எல்லாம் அதற்குத் தாய்மொழி மாதிரி.

இரண்டாவது கேள்வி: நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒரு காலத்தில் எல்லோரும் ஓடி ஓடிப் படித்த ஆங்குலர் ஜே.எஸ்.ஸுக்கு 2021-ஆம் ஆண்டோடு ஆதரவு நின்றுவிட்டது. ஆதரவு இருந்தாலும், வருகிற திருத்தத்தை நாம் போட்டாக வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்து 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஈக்விஃபாக்ஸ் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தில் அதைப் போடாமல் விட்ட இடத்தின் வழியாகச் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் திருடு போயிற்று. ஆகவே ஃப்ரேம்வொர்க் எடுப்பது மாடு வாங்குவது மாதிரி. வாங்கின அன்றைக்கு முடிவதில்லை. தினம் தீவனம் வைக்க வேண்டும்.

பேசித் தீராது என்று தெரிந்ததும் ஒரு வாரப் பரீட்சை வைத்தோம். இருப்பதிலேயே கஷ்டமான வேலை கூலிக் கணக்கு. அதையே இரண்டு பேர் ஜாங்கோவிலும் இரண்டு பேர் ஃப்ராப்பேயிலும் எழுத வேண்டும். ஜாங்கோவில் நாங்கள் நினைத்த மாதிரியே வளைந்து கொடுத்தது. கூலிச்சீட்டு அழகாக வந்தது. ஆனால் இருப்பு, பேரேடு, வரி எல்லாம் இனிமேல்தான் எழுத வேண்டும். ஃப்ராப்பே அணிக்கு அதன் வழக்கம் பிடிபடவே இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு, கூலியைப் போட்டதும் அது நேராக வரவு செலவுக் கணக்கில் போய் உட்கார்ந்தது. யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி, அச்சுப் படிவம், அறிக்கை எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

ஃப்ராப்பேயைத் தேர்ந்தெடுத்தோம். ஐந்தில் மூன்று வேலை, அதாவது இருப்பு, ஆர்டர், வரவு செலவு, பெரும்பாலும் தயாராகவே கிடைத்தது. கூலியையும் வண்டியையும் தனி ஆப்பாக எழுதி அதே தளத்தில் பக்கத்திலேயே வைத்தோம். அதைச் செய்தவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள், ஈ.ஆர்.பி.நெக்ஸ்டுக்குள் இருந்த பணியாளர் பகுதியை 2022-ல் தனி ஆப்பாகப் பிரித்தார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால், நாளைக்கு நாங்கள் இல்லாவிட்டாலும் பைத்தான் தெரிந்த வேறொருவர் வந்து பார்க்கலாம்.

இதில் நஷ்டம் இல்லையா? உண்டு. அது சொல்லும் வழியில்தான் நாம் போக வேண்டும். அதனால் மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அடிப்படை நிரலில் ஒரு வரிகூடக் கைவைப்பதில்லை. மாற்றம் எல்லாம் எங்கள் ஆப்பில்தான். வாரந்தோறும் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறோம். ஏன் இப்படிச் செய்தோம் என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வாடிக்கையாளர் பீரோவிலேயே வைக்கிறோம்.

இதையே கடைகளில்லாத, கணக்கில்லாத வேறொரு வேலைக்குக் கேட்டால், நான் ஜாங்கோ என்றே சொல்லியிருக்கக்கூடும். ஊருக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. கேள்விகள் மட்டும் மாறாது: எந்த வேலைக்குப் பிறந்தது, எது பொது, எது தனி, நாளைக்கு யார் பார்ப்பது.

கடைசியாகப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் புது புராஜெக்ட் செய்கிறார்கள். அடுத்த வருடம் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. ஒரு குழுவுக்காவது, சீனியர் எழுதி வைத்ததைப் புதுப்பித்து ஓட வைக்கும் வேலையைக் கொடுங்கள். அப்படிப் பழகி வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் மாதிரிச் சின்ன நிறுவனங்களில் எப்போதும் இடம் உண்டு. சனிக்கிழமைக் கூலி வாங்கக் காத்திருப்பவர்களுக்கு அவர்கள்தான் நம்பிக்கை.