கடன்பட்டார்க்கும் உரிமை உண்டு

பிழைப்பை நாடி அயல் மாநிலம் வந்த நம்மில் பலர், சம்பள நாள் வரும்வரை சமாளிக்கக் கைப்பேசிச் செயலி வழியே சிறுகடன் பெறுகிறோம். தவணை தவறியதும் நள்ளிரவில் மிரட்டல் வருகிறது. ஊரிலுள்ள தந்தைக்கும் அலுவலக மேலதிகாரிக்கும் செய்தி போகிறது. மொழி அறியா ஊரில் யாரிடம் முறையிடுவது என்று, மானத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்துவிடுகிறோம்.

கடனைத் தீர்ப்பது நம் கடமையே. ஆயினும் வசூலிக்கும் முறைக்கு வரம்பு உண்டு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றின் வசூல் முகவர்களும் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு அழைத்தல் கூடாது. மிரட்டுதலும், பிறர் முன் இழிவுபடுத்துதலும், உற்றார் நண்பர்க்குத் தொல்லை தருதலும் கூடா என 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. முகவரின் தவறுக்கு அவரை ஏவிய நிறுவனமே பொறுப்பு.

வரம்பு மீறப்பட்டால், அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் எண்ணையும் குறித்து, முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடுவோம். 30 நாளில் தக்க விடை வாராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம், கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம். பதிவு பெறாத செயலியாயின் காவல் நிலையம் செல்லத் தயங்க வேண்டா.

நாம் திருப்பித் தர வேண்டியது பணம், மானம் அன்று.