வானிலிருந்து வந்த அநாதை

நம் காலனிச் சிறுவர்கள் மார்பில் ‘எஸ்’ பொறித்த பனியனுடன் திரியக் காண்கிறோம். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்து, 1938இல் வெளிவந்த சூப்பர்மேனின் சின்னம் அது. கிரிப்டான் என்னும் கிரகம் வெடித்தபோது ஈன்றோரை இழந்தவன் அவன். 1939ஆம் ஆண்டு இதழிலோ, மண்ணில் வளர்த்தோரையும் இழக்கிறான்.

லித்துவேனியாவை விட்டுக் கிளீவ்லாந்தில் குடியேறிய சீகலின் தந்தை, 1932இல் தம் துணிக்கடையில் கொள்ளை நேர்ந்தபோது மாரடைப்பால் மாண்டார். குண்டு துளைக்காத வீரன் மகனின் நெஞ்சில் உதித்த காரணத்தை நாம் ஊகிக்கலாமன்றோ?

1978இல் வந்த திரைப்படத்தில் வளர்ப்புத் தந்தையும் மாரடைப்பாலேயே சாய்கிறார். அத்துணை ஆற்றலிருந்தும் அவரைக் காக்க இயலாமற்போனதே என்று மயானத்தில் அவன் கலங்குகிறான். தந்தி கண்டு ரயிலேறி, சிதை ஆறியபின் ஊர் சேர்ந்த நம்முள் சிலர், பிள்ளைகள் அறியாமல் கண்களைத் துடைத்துக்கொண்டோம்.