பிராணி கிளினிக்கில் காத்திருக்கும் அரை மணி நேரம்



பிராணி மருத்துவம் என்றதும் எல்லாருடைய நினைவுக்கும் வருவது டாக்டரும் ஊசியும்தான். அதற்கு முன்னால் ஓர் அறை இருக்கிறது. நாலைந்து நாற்காலிகள், ஒரு பெஞ்சு, சுவரில் மருந்துக் கம்பெனியின் நாள்காட்டி. வந்தவர் ஒரு கையில் நாய்ச் சங்கிலியையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காத்திருப்பது அரை மணி, கூட்டம் இருந்தால் ஒரு மணி. டாக்டரைப் பார்ப்பதோ பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நாயைப் பிடிப்பதில் போய்விடுகிறது. டாக்டர் சொன்னதில் பாதி காதில் விழுவதில்லை. ஆகவே சொல்ல வேண்டியதைச் சொல்லவும் கேட்க வேண்டியதைக் கேட்கவும் ஏற்ற இடம் வெளியே இருக்கும் அந்தக் காத்திருக்கும் அறைதான்.

ஜுரு வட்டாரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுஞ்சாலையும் டோல் சாவடியும், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள், இடையிடையே தாமான்களும் அடுக்குமாடி வீடுகளும். தோட்டங்கள் இருந்த காலத்தில் லயத்துக்கு லயம் நாய் இருந்தது. இரவில் குரைத்தால் போதும், யார் வீட்டிலாவது சோறு கிடைக்கும். அது யாருடைய நாய் என்று யாரும் கேட்டதில்லை. தாமானுக்குக் குடிவந்த பிறகும் நம்மவர்கள் பலரிடம் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு போடுகிறார்கள், பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். லைசென்ஸ் கிடையாது, தடுப்பூசி கிடையாது. கேட்டால், "அது தெரு நாய்தானே" என்று பதில் வரும்.

2015ஆம் ஆண்டில் அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்று பினாங்கு மாநிலம் தெரிந்துகொண்டது. தாய்லாந்திலிருந்து வெறிநாய்க்கடி நோய் உள்ளே வராதிருக்க, 1950களிலேயே எல்லையோர நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு தடுப்பு வளையம் அமைத்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2013இல் மலேசியா அந்த நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமை இரண்டு ஆண்டுதான் நிலைத்தது. 2015இல் பெர்லிஸில் நோய் தென்பட்டது, அடுத்துக் கெடா, செப்டம்பரில் பினாங்கு. தெரு நாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. பிராணி நல அமைப்புகள் கொதித்தெழுந்தன. நாயைக் கொல்வதால் நோய் நிற்காது, ஊசி போடுவதால்தான் நிற்கும் என்று வாதாடினார்கள்.

அந்த வாதத்தில் அறிவியல் இருக்கிறது. ஒரு தெருவில் இருந்த நாயை அப்புறப்படுத்தினால் அந்த இடமும் அங்குள்ள குப்பைத் தொட்டியும் காலியாகவே இருக்கப் போவதில்லை. வேறெங்கிருந்தோ இன்னொரு நாய் வரும். அது ஊசி போட்டதா, போடாததா, யாருக்குத் தெரியும்? ஊசி போட்ட நாய் அதே தெருவில் இருந்தால் நோய்க்கு அதுவே வேலி. நூறு நாய்களில் எழுபதுக்காவது தடுப்பூசி போட்டிருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனிதர்களுக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 விழுக்காடு நாய்களிடமிருந்தே வருகிறது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. 2017இல் சரவாக்கில் இந்த நோய் புகுந்தது. அங்கே பல பத்து உயிர்கள் போய்விட்டன.

அந்த எழுபதை எட்டுவது எப்படி? வீட்டில் வளரும் செல்ல நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவரைக் கவனியுங்கள். வாசலில் படுத்திருக்கும் இன்னொரு நாய்க்கும், பக்கத்துத் தெருவில் குட்டி போட்ட நாய்க்கும் சோறு போடுகிறவர் பெரும்பாலும் அவரே. "உங்கள் வாசலில் வேறு நாய் உண்டா?" என்ற ஒரு கேள்வியை, அவர் காத்திருக்கும் நேரத்தில் பதிவு மேசையில் இருப்பவர் கேட்டால் போதும். டாக்டருக்கு நேரம் இல்லை. மேசையில் இருப்பவருக்கு இருக்கிறது.

ஆனால் அந்த அறையே நோய் பரப்பும் இடமாக இருந்தால் பேச்செல்லாம் வீண். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது. குளோரக்ஸ் போன்ற வெளுப்பு நீரை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, முதலில் அழுக்கைக் கழுவித் துடைத்த பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைக் கிளினிக் தரையில் இறக்கி விடவே கூடாது. மடியில் வைத்திருங்கள், கூடையில் வைத்திருங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ஒரே ஊசியோடு "போட்டாச்சு" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வாந்தியும் பேதியுமாக வரும் குட்டியை உள்ளே கொண்டுபோகாமல், காரிலேயே ஆளோடு வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போய்ச் சொல்வது நல்லது. ஆளோடு என்பதை மறந்துவிடக் கூடாது. பினாங்கு வெயிலில் பூட்டிய காருக்குள் நாயைத் தனியே விட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

பூனையின் பாடு வேறு. நாய்க்குச் சத்தம் போட்டாவது பயத்தைக் காட்டத் தெரியும். பூனை கூண்டுக்குள் சுருண்டு அசையாமல் கிடக்கும். வளர்ப்பவர், "பாருங்கள், எவ்வளவு சமர்த்து" என்பார். அது சமர்த்தில்லை, நடுக்கம். நாயின் மூக்குக்கு நேரே தரையில் வைத்த கூண்டுக்குள் அரை மணி நேரம் கிடந்த பூனை, டாக்டர் கை வைத்ததும் பிறாண்டாமல் என்ன செய்யும்? 2012இல் பன்னாட்டுப் பூனை நல அமைப்பு ஒன்று பூனைக்கேற்ற கிளினிக்குகளுக்குத் தனி முத்திரை வழங்கத் தொடங்கியது. அவர்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயமில்லை. கூண்டை வைக்க இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, மேலே போட ஒரு துண்டு, நாய்களுக்கு ஒரு பக்கம், பூனைகளுக்கு ஒரு பக்கம். தனி அறை கட்ட இடமில்லாத கடைவீட்டுக் கிளினிக்கில்கூட ஓர் அலமாரியை நடுவில் திருப்பிப் போட்டால் மறைப்பு ஆகிவிடும். நாய்களுக்குக் காலை, பூனைகளுக்கு மாலை என்று நேரத்தைப் பிரித்தாலும் சரி.

இனி அந்தச் சுவர். இப்போது அதில் இருப்பது பெரும்பாலும் விளம்பரம். மருந்துக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது, மாட்டியிருக்கிறார்கள், குற்றமில்லை. அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு வரி இருந்தால் உயிர்கள் தப்பும். பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பூனையின் மூக்கிலோ காலிலோ ஆறாத புண் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிறாண்டல் வழியாக மனிதருக்கும் ஒட்டும் பூஞ்சைப் புண் இந்த நாட்டில் இருக்கிறது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு கவனம். நாய் கடித்தால் மஞ்சள் பூசாதீர்கள், காப்பித்தூள் அப்பாதீர்கள்; சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதாது. வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பது பாட்டி. பாட்டிக்குத் தமிழ்தான் படிக்க வரும். நான்கு வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஜுருவில் ஆள் கிடைக்காதா? ஆலய நிர்வாகம் செய்யலாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் செய்யலாம், படிக்கும் பிள்ளைகளே செய்யலாம்.

பதினைந்து நிமிடம் என்பது சொல்லும்போது சிறியது. குழாயடியில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நேரம் என்று புரியும். காத்திருக்கும் அறையில் ஒரு குழாய், ஒரு சோப்பு, மேலே ஒரு கடிகாரம் இருந்தால், கூட வந்த பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டிவிடலாம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறிநாய்க்கடிக்குப் பலியாகிறவர்களில் பலர் பிள்ளைகள். கடிபட்டதை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. திட்டு விழும் என்ற பயம்.

வளர்ப்பவரும் வெறுங்கையோடு வரக்கூடாது. பிராணியின் வயது, கடைசி ஊசி போட்ட தேதி, இரண்டு நாளாக என்ன தின்றது, எத்தனை முறை வாந்தி என்பதையெல்லாம் காத்திருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடலாம். வீட்டில் வலிப்பு வந்த நாய் கிளினிக்கில் சாதாரணமாக நிற்கும்; வலிப்பு வந்தபோது கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. பேதி என்றால் ஒரு சின்னப் புட்டியில் மலம் கொண்டுவர வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் பார்ப்பதுதான். ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்துப் புக்கிட் தெங்காவிலேயே கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் நாள். 2007 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு மேடை போட்டு மாலை மரியாதை செய்வதைவிட, ஒரு சமூகக் கிளினிக்கின் முன் அறையில் இரண்டு தொண்டர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைப்பது மேல். வருகிறவர்களிடம் வாசல் நாய்களின் கணக்கைக் கேட்டு எழுதட்டும். எந்தத் தாமானில், எந்த வரிசையில், எத்தனை, யார் சோறு போடுகிறார்கள் என்று பட்டியல் வந்துவிட்டால், ஊசியோடு எங்கே போக வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும். சோறு போடுகிறவர் கூப்பிட்டால்தான் அந்த நாய் வரும். மற்றவர் கைக்கு அகப்படாது. ஆகவே அந்த நோட்டில் நாயின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.